மாதாவிடம் போயிருக்கிறாள்

என் வீட்டுக்காரர் சத்தியசீலன் முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் வாத்தியாராக இருந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆல்ப்ஸ் மலையைப் பாடம் நடத்துவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டு, இத்தாலியின் தலையில் பிரம்பால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "இதுதான்டா ஆல்ப்ஸ்" என்பார். அவ்வளவுதான் பாடம். தட்டித் தட்டி அந்த இடத்தில் காகிதம் நைந்து, அவர் ஓய்வு பெறும்போது ஆல்ப்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது.

நிஜ மலைக்கும் அவருக்கும் ஒத்துவராது. கொடைக்கானல் பஸ்ஸில் இரண்டாவது வளைவிலேயே தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவார். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் எங்கள் மகன் ஜூடு, பெங்களூரில் இருந்தபடியே, ஆல்ப்ஸ் மலைக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்குமாகச் சேர்த்து இரண்டு பேருக்கு. இந்த இரண்டு பேர் என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் தமிழ் டீச்சர். எனக்கு ஆல்ப்ஸ் பாடமாகத் தெரியாது, படமாகத் தெரியும். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் அறையில் ஒரு வெளிநாட்டுக் காலண்டர் தொங்கும். டிசம்பர் மாதத் தாளில் பனி மூடிய ஒரு தெரு, இரண்டு பக்கமும் மர வீடுகள், தெரு முடிகிற இடத்தில் கூர்க்கோபுரம் வைத்த சின்னக் கோயில். வருஷம் முடிந்தும் அந்தத் தாளைக் கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தத் தெருவில் ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்போதிருந்தே ஆசை. கல்யாணமான புதிதில் இவரிடம் சொன்னேன். "அங்க நடந்தா கால் வெறைச்சுப் போகும்" என்றார். புதிதிலேயே அப்படி.

ஜூடு ஏற்பாடு செய்ததும் இவர் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனார். தன்னுடையதை வாங்கிக்கொண்டு வந்தார். என்னுடையது எங்கே என்றேன்.

"உனக்கு மூட்டு வலி. குளிரு ஆகாது. அங்க சோறும் கெடைக்காது. எதுக்குக் கெடந்து சீரழியணும்?"

"அப்ப ஜூடு எனக்குன்னு போட்ட சீட்டு?"

"இம்மானுவேல் வாரேன்னு சொல்லியிருக்கான்."

இம்மானுவேல் மறைமாவட்ட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இவருக்கு உற்ற நண்பர். இவர் தும்மினால் அவர் கைக்குட்டை தேடுவார். அம்மா சம்மதித்துத்தான் இந்த ஏற்பாடு என்று ஜூடுவிடம் சொல்லியாகிவிட்டது. பையன் மனசு கஷ்டப்படுமே என்று நானும் ஆமாம் போட்டேன். என் ஆசை இப்படி இம்மானுவேலின் மடியில் போய் உட்கார்ந்தது.

அவர்கள் விமானம் ஏறிய அதே வாரம் எங்கள் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு பஸ் போட்டார்கள். நானும் கிளம்பினேன். மதுரையில் நாங்கள் யாரும் அதை வேளாங்கண்ணிக்குப் போவது என்று சொல்ல மாட்டோம். "மாதாகிட்ட போயிட்டு வாரேன்" என்போம். வீட்டில் ஆள் இல்லை என்றால், "மாதாகிட்டப் போயிருக்காங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நான் மாதாவிடம் போய், என்னை விட்டுவிட்டுப் போன மனிதர் வாந்தி எடுக்காமல் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

திரும்பி வந்தவர் ஆல்ப்ஸ் ஆராய்ச்சியாளராக வந்தார். பங்கு மன்றத்தில் கூட்டம் ஏற்பாடாயிற்று. கோரிப்பாளையத்தில் ஃபிளெக்ஸ் அடித்தார்கள். பனிமலை பின்னால் நிற்க, இவர் கறுப்புக் கண்ணாடியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆல்ப்ஸ் கண்ட எங்கள் ஆசானே' என்று கீழே எழுதியிருந்தது.

"குழுவோடு போனால் ஓட்டலைத்தான் பார்க்கலாம். ஆகவே நான் குழுவிலிருந்து பிரிந்து, மலைக்கிராம மக்களின் வாழ்க்கையை ஆராயத் தனியே புறப்பட்டேன்" என்று மைக்கில் ஆரம்பித்தார். ஹின்டர்மாட் என்ற கிராமத்தின் பேரைச் சொன்னார். அலோய்ஸ் என்ற விவசாயி, அவர் மனைவி அகத்தா ஆகியோரின் வீட்டில் தங்கியதைச் சொன்னார். மாடுகளின் கழுத்தில் இவ்வளவு பெரிய மணி கட்டுவார்களாம். கோடையில் மாடுகளை மேலே மேலே புல்வெளிக்கு ஓட்டிப் போய், குளிர் வந்ததும் பூச்சூட்டி இறக்கிக்கொண்டு வருவார்களாம். பனி சரிந்தால் வீட்டோடு மூடிவிடுமாம். கூட்டம் வாய் பிளந்து கேட்டது. கடைசியில் ஓர் அம்மா எழுந்து, "அங்க சோறு கெடைக்குமா சார்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது.

நடந்தது வேறு என்று அப்போதே எனக்குச் சந்தேகம். ஜன்னலோரச் சீட்டை விட்டு இறங்காத மனிதர் தனியே புறப்பட்டாராம்! ஆனால் கேட்டால் இம்மானுவேல் கூரையைப் பார்த்தார்.

அதற்கப்புறம் மாதா மாதம் இவருடைய போனுக்கு அலோய்ஸிடமிருந்து ஒரு படம் வரும். எரிகிற மெழுகுவர்த்தி. வேறு ஒன்றும் இருக்காது. "என்னங்க இது?" என்றால், "அது அந்த ஊர் வழக்கம். நம்ம குட்மார்னிங் அனுப்புறோம்ல, அந்த மாதிரி" என்பார். கல்லறைத் திருநாளன்று மட்டும் மெழுகுவர்த்தி கோயில் பீடத்தில் இருந்தது, பக்கத்தில் பூவும் இருந்தது. இவர் குளித்துக்கொண்டிருந்தார். பாவம், இத்தனை பிரியமாக அனுப்புகிறார்களே என்று நானே கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்பிவைத்தேன்.

தை மாதம் மெழுகுவர்த்திக்குப் பதிலாக எழுத்து வந்தது. அலோய்ஸும் அகத்தாவும் மதுரைக்கு வருகிறார்களாம். இவர்தானே அழைத்தார்! நம் ஊரில் ரயிலில் எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தவரைக்கூட, "ஒரு தடவை கட்டாயம் நம்ம வீட்டுக்கு வரணும்" என்போம். அவரும் "கட்டாயம் வாரேன்" என்பார். இரண்டு பேரும் இறங்கி அவரவர் வழியில் போய்விடுவோம். இவர் அதே வாயோடு ஹின்டர்மாட்டிலும் அழைத்திருக்கிறார். அந்த மனிதர்களுக்கு இந்த நாகரிகம் தெரியாது. அழைத்தால் வந்துவிடுவார்கள்.

செய்தியைப் படித்த அவர் முகம் செத்துவிட்டது.

"சூசை, நீ ஒரு நாலு நாளு கொட்டாம்பட்டிக்கு, டயானா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்" என்றார். டயானா என் தங்கை மகள்.

"விருந்தாளி வாரப்ப நான் எதுக்குங்க போகணும்?"

"உனக்குச் செரமம். வெள்ளக்காரங்களுக்கு ஆக்கிப் போட்டு முடியாது."

என் சிரமத்தைப் பற்றி இந்த மனிதர் கவலைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது. அதனால்தான் போகவில்லை. ஆல்ப்ஸுக்குத்தான் போகக் கொடுத்துவைக்கவில்லை, ஆல்ப்ஸே வீட்டுக்கு வருகிறது, அதையாவது பார்ப்போம் என்று முறுக்கு சுட உட்கார்ந்துவிட்டேன்.

இம்மானுவேல் அவர்களைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கியபோது வெயில் ஏறியிருந்தது. அலோய்ஸ் தூண் போன்ற ஆள், சிவந்த முகம், மலையேறும் பூட்ஸ். அகத்தா என் வயதுக்காரி, நரைத்த பின்னலைத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கையில் கம்பளித் துணியில் சுற்றிய நீளமான பொருள் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்று, இது யார் என்பதுபோல இவரைப் பார்த்தாள்.

"சிஸ்டர். மை சிஸ்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

பதற்றத்தில் இங்கிலீஷ் குழறுகிறது என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். அகத்தா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். வந்த களைப்பு போலிருக்கிறது என்று உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தேன்.

அகத்தாவின் போனில் மொழிபெயர்க்கிற வசதி இருந்தது. அவள் ஜெர்மனில் பேசினால், போனுக்குள் இருந்து ஒரு பெண் தமிழில் பேசுவாள். "உங்கள் வீட்டில் துக்கம் நடந்த பிறகு முதன் முறை வருகிறோம்" என்றது போன். "இதை என் கணவர் குளிர்காலம் முழுதும் செதுக்கினார்."

அலோய்ஸ் கம்பளியை அவிழ்த்தார். உள்ளே மரச் சிலுவை. அவர்கள் மலையில் விளையும் பைன் மரத்தில், ஓரமெல்லாம் பூ வேலை செய்து, மேலே மழை படாமல் சின்னக் கூரையும் வைத்திருந்தார். அந்த ஊரில் கல்லறைக்கு நடுகிற சிலுவை அப்படித்தான் இருக்குமாம். அதன் நடுவே ஆங்கில எழுத்தில் ஒரு பேர் செதுக்கியிருந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். சூசையம்மாள் என்று இருந்தது. பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். விருந்தாளிகளின் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். மாதா சிலைக்கு முன்னால்கூட அவர் அப்படிக் கூப்பி நான் பார்த்ததில்லை. இம்மானுவேல் பையப் பைய வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"தம்பி, காபிக்குப் பால் பத்தல. கொஞ்சம் அடுப்படிக்கு வாங்க" என்றேன்.

அடுப்படிக் கதவைச் சாத்தியதும் இம்மானுவேல் அழாத குறையாகச் சொன்னார்.

"மதினி, சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல. பஸ்ஸை அந்த ஊர்ல நிறுத்துனாங்க. அண்ணனுக்கு அவசரம். வைக்கப்போர் வச்சிருந்த கொட்டாய்க்குப் பின்னால ஒதுங்குனாரு. மாட்டுக்குப் போட்ட கரண்டு வேலி இருந்திருக்கு. ஒரே ஒதறு. சாணிக்குழியில போய் விழுந்துட்டாரு. நான் தூக்கப் போனேன். அதுக்குள்ள பஸ் போயிருச்சு. மழை வேற. அந்த அலோய்ஸுதான் எங்களைக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு."

"கிராம வாழ்க்கைய ஆராஞ்சது அப்படித்தானா?"

"ஆமா மதினி. அந்தம்மா 'வைஃப்? வைஃப்?'னு கேட்டுச்சு. அண்ணே, 'மை வைஃப் ஹேஸ் கான் டு மதர் மேரி'ன்னாரு. நெசத்தத்தான மதினி சொன்னாரு? நீங்க அன்னைக்கு மாதாகிட்டதான போயிருந்தீக?"

எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தம்மா சிலுவை போட்டுட்டு ஓன்னு அழுதிருச்சு" என்றார் இம்மானுவேல்.

"இல்லம்மா, அவ பஸ்ல போயிருக்கா, வெள்ளிக்கெழமை வந்துருவான்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லத்தான் வாயெடுத்தாரு. அதுக்குள்ள சூப்பு வந்துருச்சு மதினி."

சூப்புக்குப் பின்னால் உருக்கிய பாலாடைக்கட்டியை உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக் கொடுத்தார்களாம். மனைவியை இழந்தவர் என்று கணப்புக்குப் பக்கத்துக் கட்டிலை இவருக்கு ஒழித்துக் கொடுத்தார்களாம். இம்மானுவேலுக்குத் தரைதான். ஆக, என் உயிரின் விலை ஒரு கோப்பை சூப்பும் ஒரு கட்டிலும்.

இவ்வளவு கேட்ட பிறகு நான் ஹாலுக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. கோபத்தைவிட ஆர்வம் பெரிதாக இருந்தது. இவர் எதுவரைதான் போவார் என்று பார்த்துவிட ஆசை வந்துவிட்டது. காபியைக் கொண்டுபோய் வைத்தேன். இவருடைய டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"கல்லறைக்குப் போகலாமா?" என்றது அகத்தாவின் போன்.

இவர் அதற்கும் தயாராக இருந்தார்! சூசையம்மாள் என்கிற பேருக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பஞ்சமா? முதல் நாளே இம்மானுவேலோடு போய் ஒன்றைப் பார்த்து, புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார். உயிரோடு இருக்கிற சூசையம்மாள் அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு கேட்டு இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது.

வேப்ப மரத்தடியில் இருந்தது என் கல்லறை. கல் பாதி உடைந்திருந்தது. மிச்சத்தில் 'சூசையம்மாள்' என்ற பேரும், கீழே 'மரித்தது 1962' என்றும் இருந்தது. அலோய்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"பார்ன். பர்த் இயர்" என்றார் என் வீட்டுக்காரர் பட்டென்று. நான் பிறந்ததும் அந்த வருஷம்தான். தமிழ் படிக்கத் தெரியாதவனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் தமிழ் டீச்சர் ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள் என்ற கூச்சமாவது வேண்டாமா?

அலோய்ஸ் மண்ணைத் தோண்டிச் சிலுவையை நட்டார். இரண்டு பேரும் முழங்காலில் நின்று அவர்கள் பாஷையில் வேண்டினார்கள். இவரும் முழங்காலிட்டார். மூட்டு வலி எனக்குத்தான் என்று சொன்னவர், எழுந்திருக்க முடியாமல் இம்மானுவேலின் தோளைப் பிடித்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் அகத்தா அழுதுகொண்டிருந்தாள். பொய் அழுகை இல்லை. மூக்கு சிவக்க, தோள் குலுங்க, பார்த்தே இராத ஒருத்திக்காக அழுதாள். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

என்னை மரத்தடியில் உட்கார வைத்துப் போனை நடுவில் வைத்தாள். போனுக்குள் இருக்கிற பெண் உணர்ச்சியே இல்லாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"உங்கள் சகோதரர் எங்கள் சமையல் அறையில் இந்தப் போனில் பேசி அழுதார். என் மனைவி சிறு வயதில் இருந்து பனித் தெரு ஒன்றைப் பார்க்க விரும்பினாள் என்று சொன்னார். நான் அழைத்து வரவில்லை, அது என் தவறு என்று சொன்னார். அவள் கோவிலில் பாடினால் நான் கண்களை மூடிக் கேட்பேன், ஒரு முறையும் அவளிடம் சொன்னது இல்லை என்று சொன்னார். அவள் இல்லாத வீடு வீடாக இருக்காது என்று சொன்னார். மிக நேரம் அழுதார். பிறகு சாப்பிட்டார்."

அந்தத் தமிழில் பிழை தேட எனக்குத் தோன்றவில்லை. கோயில் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்னிருந்தே பாடுகிறேன். பூசை முடிந்து வெளியே வந்தால், "வண்டிச் சாவி எங்க?" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன விமர்சனம். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து வருவதற்கு நான் சாக வேண்டியிருந்தது. அதுவும் மதுரையில் செத்தால் போதாது, ஆல்ப்ஸில் போய்ச் சாக வேண்டியிருந்தது. எனக்குத் துக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் யாரோ கேட்டிருக்கிறார்கள், இம்மானுவேல்கூடக் கேட்டிருக்கிறார், நான்தான் கேட்கவில்லை.

எழுந்து போய்ச் சிலுவையில் இருந்த பேரைத் தொட்டேன். அப்புறம் என் நெஞ்சைத் தொட்டேன்.

"ஐ. சூசையம்மாள். வைஃப்" என்றேன். "நோ சிஸ்டர். மதர் மேரி, வேளாங்கண்ணி. பஸ். ஐ வென்ட். ஐ கேம் பேக்."

அகத்தாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. என்னைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் அண்ணாந்து வேப்ப மரத்தில் ஏதோ ஆராய்ந்துகொண்டிருந்தார். அகத்தா எழுந்து அவர் முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, நீளமாக ஒன்று சொன்னாள். கையில் இருந்த போன் அதே அமைதியான குரலில் அதைத் தமிழாக்கியது.

"நீங்கள் ஒரு வயதான ஆட்டுக்கடா ஆவீர்கள்."

அதிலும் நான் பிழை காணவில்லை. அலோய்ஸ் சத்தம் போடாமல் குனிந்து சிலுவையைப் பிடுங்கினார். கைக்குட்டையால் மண்ணைத் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். அப்புறம் அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அகத்தாவும் நானும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தோம். கல்லறைத் தோட்டக் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் ஊருக்குப் போகிற வரைக்கும் இவர் வீட்டில் வாயே திறக்கவில்லை. போன மறுநாள் காலையில் தினத்தந்தியும் கையுமாக உட்கார்ந்து, "காபி" என்றார். ஹால் சுவரில் மாட்டியிருந்த சிலுவையைக் காட்டினேன்.

"போய்ச் சேர்ந்தவகிட்டக் காபி கேக்குறீகளே?"

"போதும் சூசை. விடேன்."

"விடுறேன். அங்க சொன்னத இங்க ஒரு தடவ சொல்லுங்க, விட்டுர்றேன்."

"எத?"

"பாட்டப் பத்திச் சொன்னீகளாமே. வீட்டப் பத்திச் சொன்னீகளாமே. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பேப்பரை மடித்தார். தொண்டையைச் செருமினார். மைக் கிடைத்தால் மணிக்கணக்கில் பேசுகிறவர், என் முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இந்த வயதில் இதற்குப் போய் இப்படி நிற்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அதான் அங்கயே சொல்லியாச்சுல்ல" என்றார் கடைசியில். பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

அன்றைக்கே நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். ஜூடுவிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தான். அப்புறம் அப்பாவைக் கூப்பிடச் சொல்லி நெடுநேரம் பேசினான். இவர் "ம்", "ம்" என்று மட்டும் சொன்னார். ஜூன் மாதம் எனக்கு டிக்கெட் வந்தது. ஒரே ஒருத்திக்கு. இம்மானுவேல் வந்து, "மதினி, தொணைக்கு வேணும்னா..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

விமான நிலையத்துக்கு இவரும் வந்தார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே நுழைகிற இடத்தில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானும் நின்றேன். பின்னால் வரிசை நகரச் சொல்லி முணுமுணுத்தது.

"ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்றார்.

எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஹின்டர்மாட்டில் அந்தத் தெரு இருந்தது. காலண்டர் தெரு இல்லைதான், ஆனால் அதன் தங்கச்சி. ஜூன் என்பதால் தெருவில் பனி கிடையாது. மர வீடுகள் வெயிலில் கறுத்து நின்றன. ஒவ்வொரு ஜன்னலிலும் சிவப்புப் பூ. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் சாணிக்குழி. காலண்டரில் அதை மட்டும் காட்டவில்லை. வாசம் நம் பரவைப் பக்கத்துத் தொழுவ வாசமேதான். என் வீட்டுக்காரர் விழுந்த குழியை அலோய்ஸ் எனக்குத் தனியாகக் காட்டினார். அது எனக்குத் தேர் பார்த்த திருப்தியைத் தந்தது.

தெரு முனைச் சின்னக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போனோம். அத்தனை மாதமாக என் ஆன்ம சாந்திக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய ஊர் அது. ஒவ்வொருத்தராக வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். கிழட்டுச் சாமியார், உயிர்த்தெழுதலைப் பற்றி இத்தனை காலம் பிரசங்கம் செய்தும் இப்போதுதான் நேரில் பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். அகத்தா கேட்டுக்கொண்டபடி நான் ஒரு மாதா பாட்டுப் பாடினேன். யாரும் வண்டிச் சாவி கேட்கவில்லை.

மறுநாள் கம்பியில் தொங்கிப் போகிற வண்டியில் ஏற்றி மேலே கூட்டிப் போனார்கள். அங்கே கோடையிலும் பனி கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றேன். என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், கால் விறைத்தது. அழுகை வந்தது. சந்தோஷம்தான், ஆனால் கூடவே அவர் ஞாபகமும் வந்து தொலைத்தது. பக்கத்தில் நின்று வாந்தியாவது எடுத்திருக்கலாமே இந்த மனிதர் என்று தோன்றியது. என் மேலேயே எரிச்சலாக வந்தது.

கீழே வந்ததும் அகத்தாவின் அடுப்படியில் சாப்பாடு. அதே மேசை, அதே சூப்பு, அதே உருளைக்கிழங்கு. பக்கத்துப் பண்ணைக்காரி ஒருத்தி என்னைப் பார்க்க வந்திருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். என் எதிரே உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாக, "ஹஸ்பண்ட்?" என்று கேட்டாள்.

அகத்தா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அலோய்ஸ் மெல்லுவதை நிறுத்தினார். எனக்குப் பொய் வராது.

"ஹி இஸ் அலைவ்" என்றேன்.

பண்ணைக்காரி அகத்தாவைப் பார்த்தாள். அகத்தா அவளிடம் தங்கள் பாஷையில் ஏதோ விளக்கினாள். பண்ணைக்காரியின் கண்கள் கலங்கின. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு தன் தட்டில் இருந்த பாலாடைக்கட்டியையும் எடுத்து என் தட்டில் வைத்தாள்.

வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.